40 மூட்டை நெல் 120 ஆனது எப்படி?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கே பதியும் நெற்கணக்கு மட்டக்களப்புக் கிளையின் கணினிக்கும் உடனே வந்துசேர, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ரெப்ளிக்கேஷன் (ஒரு கணினியின் தரவை இன்னொன்றில் தானாகப் பிரதியெடுப்பது) போட்டுக் கொடுத்திருந்தேன். பெரும்போக அறுவடை நேரம். ஒரு வட்டையிலிருந்து (வயல்வெளி) 40 மூட்டை வந்தது, கிலோ 120 ரூபாய் என்று ஆலையில் பதிகிறார்கள். மட்டக்களப்பில் பார்த்தால் 120 மூட்டை, விலை 0!

பிழைச்செய்தி ஒன்றுமே இல்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

ஆலையின் அட்டவணையில் திகதி, விவசாயி, மூட்டை, விலை என்று 4 நிரல்கள் (column). மட்டக்களப்பில் நெல்லை எங்கே இறக்கினார்கள் என்று குறிக்க, 'களஞ்சிய இலக்கம்' என்ற நிரலை விவசாயிக்கும் மூட்டைக்கும் நடுவில் செருகியிருந்தேன். நிரை (row) அடிப்படையிலான ரெப்ளிக்கேஷனில், மூலக் கணினி, அதாவது ஆலையிலுள்ளது, ஒவ்வொரு நிரையின் மதிப்புகளையும் பைனரி லாக் என்ற மாற்றப் பதிவேட்டில் எழுதும். பிரதி, அதாவது மட்டக்களப்புக் கணினி, அவற்றை எடுத்து, நிரலின் பெயரைப் பார்க்காமல், வந்த வரிசைப்படியே போடும். மூன்றாவதாக வந்த 40 களஞ்சிய இலக்கத்தில் விழுந்தது. நான்காவதாக வந்த 120 மூட்டையில் விழுந்தது. ஐந்தாவது இடத்துக்கு ஒன்றும் வரவில்லை, விலைக்கு இயல்பு மதிப்பான 0 நின்றது. மூன்றுமே முழு எண் வகை என்பதால் எந்தச் சோதனையிலும் மாட்டவில்லை.

பிரதியில் கூடுதல் நிரல் வேண்டுமென்றால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், இயல்பு மதிப்பும் கொடுக்க வேண்டும். நிரலைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு, ஆலையின் தரவை முழுதாக மறுபடி ஏற்றினோம்.

சரி, நிரலின் வகை மாறினால்? ஆலையில் இன்ட் (பெரிய முழு எண் வகை), பிரதியில் டைனிஇன்ட் (மிகச் சிறிய முழு எண் வகை) என்றால் ரெப்ளிக்கேஷன் பிழையோடு நின்றுவிடும். நிற்பது நல்லது. ஆனால் அந்த எரிச்சலில், தகவல் இழந்தாலும் பரவாயில்லை என்று மாற்றத்தை அனுமதிக்கும் அமைப்பைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. வழக்கமான டைனிஇன்ட்டில் 127க்கு மேல் கொள்ளாது. அப்புறம் 140 மூட்டை 127 ஆகப் பதியும். யாரோ ஒரு விவசாயியின் 13 மூட்டை நெல் சத்தமில்லாமல் போய்விடும்.

இன்னொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில், 2017இல் 10ஆம் பதிப்போடு வந்த லொஜிக்கல் ரெப்ளிக்கேஷன் நிரல்களைப் பெயரால் பொருத்துகிறது. அதில் வரிசை மாறினாலும் கவலையில்லை. ஆனால் அட்டவணையின் அமைப்பில் செய்யும் மாற்றங்களை அது பிரதிக்குக் கொண்டுபோகாது. மூலத்திலுள்ள நிரல் பிரதியில் இல்லையென்றால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் புது நிரலைச் சேர்க்கும்போது முதலில் பிரதியில் சேர்க்கிறேன், நீக்கும்போது முதலில் மூலத்தில் நீக்குகிறேன்.