தண்ணீர் பின்புறமாக வருகிறது: கடற்சுவர் கேட்பவர்களிடம் ஒரு நீரியல் பொறியாளரின் வேண்டுகோள்

சென்ற மாதம் எண்ணூரை ஒட்டிய ஒரு குப்பத்தில், மழைக்கால முன்னேற்பாடு பற்றிய கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். ஓர் இளைஞர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் அருகிலுள்ள மாஸ்லாண்ட் புயல் தடுப்புக் கதவுகளின் காணொலியைக் கைப்பேசியில் காட்டி, "இதே மாதிரி ஒரு சுவர் கட்டிக் குடுத்துட்டா கடல் உள்ள வராது இல்ல சார்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் பதில் சொல்லிவிட்டார்: "கடல்லருந்து எங்க தம்பி வந்துச்சு? மிக்ஜாம் புயல்ல பின்னாலருந்துதான வந்துச்சு."

அந்த அம்மாவுக்குத் தெரிந்த இவ்வுண்மை, படித்தவர்கள் கூடும் ஆலோசனை அறைகளில் இன்னும் எடுபடவில்லை என்பதே என் ஆதங்கம். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றின் வழியாக மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. புழல் ஏரியின் உபரி நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. புயல் நேரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருக்க, மணலும் அனல்மின் நிலையச் சாம்பல் கழிவும் படிந்து முகத்துவாரம் மேடிட்டுக் கிடந்தால், அந்த நீர் வடிய வழியின்றி ஊருக்குள் திரும்புகிறது. அங்கே சுவர் எழுப்பினால் வெள்ளத்தை நாமே ஊருக்குள் பூட்டி வைத்ததாகும்.

நெதர்லாந்தினர் சுவர் கட்டிக் கடலை நிறுத்திவிட்டார்கள் என்னும் எண்ணமே தவறானது. 1953 பிப்ரவரி வெள்ளத்தில் அங்கு 1,836 பேர் உயிரிழந்த பிறகு டெல்டா பணிகள் எனப்படும் வெள்ளத் தடுப்புக் கட்டுமானங்கள் தொடங்கின என்பது உண்மைதான். ஆனால் கிழக்கு ஷெல்ட் கழிமுகத்தை முழுவதுமாக அடைத்துவிடும் முதல் திட்டத்தைச் சிப்பி வளர்ப்போரும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்துப் போராடியதால், 1986இல் அங்கு நின்றது 62 மதகுக் கதவுகள் கொண்ட தடுப்பு. அது சாதாரண நாட்களில் திறந்தே இருக்கும், பெரும் புயலின்போது மட்டும் மூடப்படும். அந்த இளைஞர் காட்டிய மாஸ்லாண்ட் கதவுகளும் அப்படியே. 1995இல் ஆறுகள் பெருகி ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, கரைகளை உயர்த்திக்கொண்டே போவதற்கு எல்லை உண்டு என்று உணர்ந்து, ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தை வகுத்தார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அதற்காகச் சில குடும்பங்கள் வீட்டை இழக்கவும் நேர்ந்தது.

கடற்கரையைக் காப்பதிலும் அவர்கள் நம்புவது பெரும்பாலும் மணலைத்தான். அரிக்கப்படும் கரையில் ஆண்டுதோறும் மணல் சேர்க்கிறார்கள். 2011இல் ஓரிடத்தில் மட்டும் 2 கோடி கன மீட்டருக்கும் மேல் கொட்டி, அதை அலையும் காற்றும் பரப்பும்படி விட்டார்கள். நாமோ கல்லைக் கொட்டுகிறோம். நம் கரையோரம் மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்ததும் இதனால்தான். ஒரு குப்பத்தைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரான தூண்டில் வளைவு, வடக்கேயுள்ள குப்பத்துக்குப் போகவேண்டிய மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இளம் பொறியாளர்களே, வரைபடத்தை உங்கள் பணியின் எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள்.

நெதர்லாந்தினரிடம் நாம் உண்மையிலேயே கேட்டுப் பெறவேண்டியது அவர்களுடைய நீர் வாரியங்களின் நடைமுறை. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் தொடர்ந்துவரும் மரபு அது. இன்று 21 வாரியங்கள், தேர்தல் நடத்தி, தனி வரி வசூலித்து, வெள்ளம் வராத ஆண்டிலும் கரையையும் மதகையும் பராமரிக்கின்றன. ஏரிகளைப் பராமரிக்க ஏரி வாரியம் அமைத்து அதை உத்திரமேரூரில் கல்வெட்டாகவும் பொறித்த நமக்கு இது அந்நியமான ஏற்பாடல்ல.

குடியிருப்போரிடம் சில வார்த்தைகள். மனை வாங்குமுன் 2015லும் 2023லும் அங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். தரகர் சொல்வதை நம்பாதீர்கள். மின் மீட்டரை அந்த அளவுக்கு மேலே மாற்றுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட வந்தால் உடனே தடுத்துக் கேளுங்கள், ஏனெனில் சாலை உயரும் ஒவ்வொரு முறையும் உங்கள் வாசல் பள்ளமாகிறது. மிக்ஜாமில் நடந்ததுபோல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்திருந்தால் பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள். கழிமுக ஓரத்துச் சதுப்பில் கட்டட இடிபாடுகளைக் கொட்டும் லாரிகளைப் பார்த்தும் பேசாமல் இருக்காதீர்கள், தயவுசெய்து.

அடுத்த வார்டு கூட்டத்தில் சுவர் கேட்காதீர்கள். முகத்துவாரத்தின் ஆழம் இன்று எத்தனை அடி, கடைசியாக அளந்தது எப்போது, மழைக்கு முன் தூர்வாரப் போவது யார் என்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள்.