நண்டு ஊர்வதற்கு முன்

குழந்தையின் உள்ளங்கையில் பருப்பு கடைகிறீர்கள். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று சோறு ஊட்டியாயிற்று. இனி கைமேல் நண்டு ஊர வேண்டும். அக்குளை எட்டுவதற்குச் சற்று முன்னால் விரலை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கும், கையைப் பிடித்து இழுக்கும், பிறகு "ம்ம்!" என்று ஒரு சத்தம் போடும்.

சொல் இன்னும் வரவில்லைதான். ஆனால் 'இப்போது என் முறை' என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த 'ம்ம்'முக்காகக் காத்திருப்பதுதான். "பொம்மை வச்சு விளையாடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. அந்த விளையாட்டுக்குள்தான் வேலையே நடக்கிறது.

பேச்சு வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதம் வரை இந்தியின் இரண்டு ஒலிகளை, ஏறக்குறைய நம் 'த', 'ட' போன்றவற்றை, எளிதாகப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. முதல் சொல் வருவதற்கு முன்பே காது தன் வீட்டு மொழிக்கு இசைந்துவிடுகிறது.

அப்புறம் இன்னொரு சிக்கல். 'பாப்பாபால்குடிச்சாச்சா' என்று நாம் ஒரே மூச்சில்தான் பேசுகிறோம், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எந்த ஒலிக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்று கணக்கு வைத்துத்தான் குழந்தை சொற்களைப் பிரிக்கிறது. இரண்டே நிமிடம் கேட்டு 8 மாதக் குழந்தைகள் இப்படிக் கணக்கிட்டதை 1996இல் ஜென்னி சாஃப்ரானும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

அப்படியானால் செல்போனில் பாட்டுப் போட்டால் போதாதா? போதாது. பாட்ரிசியா கூல் 2003இல் அமெரிக்கக் குழந்தைகளை 12 முறை சீன மொழி கேட்க வைத்தார். எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்கள் திரையில் பேசியபோது எதுவுமே ஏறவில்லை. குழந்தை பார்க்கும் இடத்தைத் திரை பார்க்காது, 'ம்ம்' என்றால் பதிலும் சொல்லாது.

அதனால்தான் பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேசுகிறார். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் பிஸ்கட். "பழமா? பிஸ்கட்டா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்துவரை எண்ணுகிறார். குழந்தை "பப்பம்" என்றால் திருத்துவதில்லை. "பழம் வேணும்!" என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லி உடனே கொடுத்துவிடுகிறார். "சொல்லு, சொல்லு" என்று நச்சரித்தால் குழந்தை இன்னும் வாயை மூடிக்கொள்ளும்.

ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரு சொல் சேரவில்லை என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் எத்தனை மாதங்கள் வீணாகின்றன! நாக்கில் வசம்பு தடவினாலும் பேச்சு வராது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தாமதமாவதும் இல்லை, அதற்காகத் தமிழை நிறுத்த வேண்டாம்.

முதலில் காதைச் சோதியுங்கள். கதவு அறைந்தால் திரும்புகிறதே என்பது போதாது. அந்தத் தடதட சத்தம் கேட்கும் காதுக்கு 'ஸ்' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்து, உட்காது திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் சோதனை இருக்கிறது. வலிக்காது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சரி, இன்று ராத்திரி மறுபடி பருப்பு கடையுங்கள். நண்டை நிறுத்துங்கள். "டு" என்று வந்தாலும் போதும், "நண்டு ஊருது!" என்று சொல்லி உடனே ஊர விட்டுவிடுங்கள்.