பட்டன் ஆணியில் தொங்கியது

போன வாரம் மறுபடியும் ஒன்று. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கும் ஆயா, வயது 79. இரவு எட்டு மணி வாக்கில் சமையலறையில் விழுந்திருக்கிறார். மறுநாள் காலை பத்தரைக்குத்தான் ஆள் வந்து பார்த்தது. பதினான்கரை மணி நேரம் சிமெண்ட் தரையில். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அத்தனை நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததில் தொடைத் தசை நசிந்து, அதிலிருந்து கசிந்தது சிறுநீரகத்தைப் பாதித்து, இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விழுந்தது அவரை ஒன்றும் செய்யவில்லை. கிடந்ததுதான் செய்தது.

அந்த வீட்டில், அமுக்கினால் உதவிக்கு அழைக்கும் அவசர பட்டன் இல்லையா? இருந்தது. மகன் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வாங்கி அனுப்பியது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "தொலைஞ்சுடக் கூடாதேன்னு பத்திரமா மாட்டி வெச்சேன்மா" என்றார் ஆயா. அவரைக் கோபித்து என்ன பயன்? கழுத்தில்தான் போட வேண்டும், குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கூரியரில் வந்தது, பிரித்தார், மாட்டினார்.

நான் பிசியோதெரபிஸ்ட். டர்பனுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று வீடு வீடாகப் போய், விழுந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, விலை குறைவா நல்ல அலர்ட் கருவி எது?" நான் திருப்பிக் கேட்பேன்: அமுக்கினால் யாருக்குக் கேட்கும்? கேட்டவர் எத்தனை நிமிஷத்தில் வருவார்? வந்தவர் எப்படி உள்ளே நுழைவார்? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் பத்தாயிரம் ராண்ட் கருவியும் கழுத்துக்கு ஒரு பாரம்தான்.

என்னை அதிகமாக எரிச்சல்படுத்தும் பதில் ஒன்று உண்டு. "எங்களுக்கு ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் இருக்குக்கா, பேனிக் பட்டன் இருக்கு. போதாதா?"

போதாது. ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் என்பது அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு ஆள் அனுப்பும் தனியார் காவல் சேவை. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பத்தில் எட்டுப் பேராவது இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த பட்டன் திருடனுக்கானது. அதை அமுக்கினால் வருபவர் குண்டு துளைக்காத சட்டை போட்டு, துப்பாக்கியோடு வருகிற காவலர். அவர் பயிற்சி என்ன? சுவர் உடைந்திருக்கிறதா, கேட் நெளிந்திருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. ஹார்ன் அடிக்கிறார், பதில் இல்லை. தவறி அமுக்கியிருப்பார்கள் என்று ஒரு சீட்டை லெட்டர் பாக்ஸில் போட்டுவிட்டுப் போகிறார். உள்ளே பாத்ரூம் தரையில் தாத்தா கிடக்கிறார். இது கற்பனை இல்லை. ஒரு வீட்டில் அந்தச் சீட்டை நானே கையில் எடுத்துப் படித்தேன். நேரம்கூட எழுதியிருந்தது. காவலர் மேல் தப்பு இல்லை. திருட்டு அலாரம் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள், அவர் திருட்டைத்தான் தேடினார்.

இத்தனைக்கும் இந்தக் குறையைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. பல அலாரம் கீபேடுகளில் திருட்டுக்கு ஒன்று, தீக்கு ஒன்று, மருத்துவ உதவிக்கு ஒன்று என்று தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. மருத்துவப் பொத்தானை யாரும் செட் பண்ணியே இருப்பதில்லை. உங்கள் செக்யூரிட்டி கம்பெனியைக் கூப்பிட்டு இதைக் கேளுங்கள்: "மருத்துவ சிக்னலைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? அது வந்தால் நீங்கள் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?" பதில் தெளிவாக இருந்தால், கழுத்தில் போடுகிற வயர்லெஸ் ரிமோட் ஒன்றை அதே கருவியோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாதச் சந்தா கட்டுகிற வீட்டுக்கு இதுதான் மலிவான வழி. பதில் மழுப்பலாக வந்தால் வேறு வழி பாருங்கள்.

அடுத்தது கேட். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவில் பூட்டிய கேட், வாசலில் மடக்கு கிரில், ஜன்னலெல்லாம் பர்க்லர் கார்டு என்கிற இரும்புக் கம்பி, கதவுக்குள் சாவியைத் திருகி விட்டுத் தூங்குகிற பழக்கம். திருடன் நுழைய முடியாது, சரி. ஆம்புலன்ஸ்காரர் மட்டும் எப்படி நுழைவார்? உள்ளே சாவி சொருகியிருந்தால் வெளியிலிருந்து மாற்றுச் சாவியும் சுற்றாது. எண் பூட்டு வைத்த சின்ன இரும்புச் சாவிப் பெட்டி ஹார்டுவேர் கடையில் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறது. தெருவுக்குத் தெரியாத இடத்தில் சுவரில் அடித்து வையுங்கள், எண்ணை இரண்டே பேருக்குச் சொல்லுங்கள். அதுவும் பயம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுங்கள். இரவில் சாவியைப் பூட்டில் விடாமல் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். ஆணியில் மாட்ட வேண்டியது சாவி, பட்டன் இல்லை.

நாயை மறந்துவிடாதீர்கள். முற்றத்தில் பெரிய நாய் நின்றால் எந்த பாராமெடிக்கும் உள்ளே கால் வைக்க மாட்டார். நானே வைக்க மாட்டேன்.

சரி, கருவிக்கு வருகிறேன். பெர்த்தில் இருக்கிற மகள், டொரண்டோவில் இருக்கிற மருமகன் எல்லாரும் "இதுதான் நம்பர் ஒன்" என்று அமெரிக்கக் கருவிகளின் லிங்கை அனுப்புகிறார்கள். வாங்காதீர்கள். அவற்றின் கண்காணிப்பு மையம் அமெரிக்காவில் இருக்கிறது, கூப்பிடுவது 911 என்ற அந்த ஊர் அவசர எண்ணை. மாதம் 20 முதல் 50 டாலர் வரை சந்தா வேறு. இங்கே அரசு தரும் முதியோர் உதவித்தொகையே 2025இல் மாதம் சுமார் 2,300 ராண்ட்தான். அந்த டாலரை ராண்டாக மாற்றிப் பார்த்தால் அதில் சுமார் ஆறில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடப் போய்விடும். மிச்சத்தில் அரிசியும் மாத்திரையும் வாங்க வேண்டாமா?

தரைவழித் தொலைபேசியோடு இணைக்கிற பழைய கருவிகளையும் யாராவது ஓசியில் கொடுத்தால் வாங்க வேண்டாம். செப்புக் கம்பி லைன்களை இங்கே பல வருஷமாகக் கழற்றிக்கொண்டே வருகிறார்கள். வீட்டு வைஃபையை மட்டும் நம்புகிற கருவி என்றால் கரண்ட் போனதும் அதுவும் போகும். 2023இல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டில் பட்ட பாடு இப்போது இல்லைதான், ஆனால் கேபிள் திருட்டில் தெருவே இரண்டு நாள் இருண்டு கிடப்பது நின்றபாடில்லை.

மிச்சம் இருப்பதில் என் முதல் சிபாரிசு, பின்பக்கம் பெரிய எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பொத்தான் வைத்த முதியோர் செல்போன். பொத்தான் வைத்த சாதாரண போன்தான், தொடுதிரை கிடையாது. அமுக்கினால் சத்தமாக ஊதும், பதிந்து வைத்த எண்களை வரிசையாகக் கூப்பிடும். அதற்கு ஒரு துணிப்பை தைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் காசு போட முடிந்தால் சிம் போடுகிற பதக்கக் கருவி. அமுக்கிவிட்டுக் கருவியோடேயே பேசலாம், சிலவற்றில் இருக்கும் இடமும் தெரியும். வாங்கும்போது 4ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வருகிற பல கைக்கடிகாரங்கள் 2ஜி என்கிற பழைய செல்போன் நெட்வொர்க்கில் ஓடுபவை. 2ஜி, 3ஜி இரண்டையும் மூடும் திட்டம் அரசிடம் இருக்கிறது, மூடினால் அது வெறும் கடிகாரம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. வாய்ஸ்மெயில். கருவி முதல் எண்ணைக் கூப்பிடுகிறது. மகன் மீட்டிங்கில் இருக்கிறான், வாய்ஸ்மெயில் எடுக்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கருவி அங்கேயே நின்றுவிடுகிறது, இரண்டாவது எண்ணுக்குப் போவதே இல்லை. ஆயாவின் முனகல் பதிவாகி, மகன் மாலையில் கேட்பான். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் வாய்ஸ்மெயிலை அணைத்து வையுங்கள். முதல் எண் தூரத்து மகனாக இருக்க வேண்டாம், நடந்து வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும். மகன் மூன்றாவது. மனசு கஷ்டமாக இருந்தாலும் மூன்றாவதுதான்.

ப்ரீபெய்டு சிம்மில் ஏர்டைம், அதாவது பேசுவதற்கான காசு, இல்லாவிட்டால் எஸ்ஓஎஸ் போகாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் சிம்மே செத்துவிடும். மாதம் பத்து ராண்ட் போடுங்கள்.

விழுந்தால் தானாகவே கண்டுபிடிக்கும் கடிகாரம் பற்றியும் கேட்பார்கள். ஆப்பிள் வாட்ச்சில் 2018லிருந்து அந்த வசதி இருக்கிறது. மகன் புதிது வாங்கிவிட்டுப் பழையதைக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது தடாலென்று விழுவதைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். நம் பெரியவர்கள் பாதிப் பேர் அப்படி விழுவதில்லை. நாற்காலியைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் எழ முடியாது. கடிகாரத்துக்கு அது உட்காருவது மாதிரிதான் தெரியும். தினமும் சார்ஜ் போடவும் வேண்டும். சார்ஜில் கிடக்கும் நேரம் பெரும்பாலும் ராத்திரி, பாத்ரூமுக்கு எழுந்து போகிற அதே ராத்திரி.

கருவி இருந்தும் அமுக்காதது நம் ஆயா மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்து, 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அலாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. எனக்கு ஆச்சரியமாக இல்லை. "நடு ராத்திரியில அவங்கள எழுப்பணுமா?", "நானே எழுந்துடலாம்னு பார்த்தேன்", "ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க". வாராவாரம் கேட்கிறேன். இதில் கடைசிப் பயம்தான் பெரிது. பட்டனை அமுக்கினால் ஓல்டு ஏஜ் ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிற அம்மாவிடம் எந்தக் கருவியும் வேலை செய்யாது. பிள்ளைகளே, தயவுசெய்து இதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அமுக்கினா யாரும் திட்ட மாட்டோம்மா. தப்பா அமுக்கினாலும் பரவாயில்லை." ஒரு தடவை தவறி அமுக்கியதற்குக் கத்தினீர்கள் என்றால் அவ்வளவுதான், அப்புறம் அது ஆணிக்குத்தான் போகும்.

அசிங்கமாக இருக்கிறது என்று போட மறுத்த ஒருவருக்கு, பிளாஸ்டிக் கயிற்றை வெட்டிவிட்டுக் கறுப்புக் கயிற்றில் முருகன் டாலரோடு சேர்த்துக் கோத்துக் கொடுத்தோம். இப்போது குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. (தண்ணீர் புகாத கருவியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

காசே இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. சாட்ஸ்வர்த்தில் 1960களில் கட்டிய வீடுகள் பல, நடுச்சுவரைப் பங்கு போட்ட ஜோடி வீடுகள். பக்கத்து வீட்டு டிவி சத்தம் இங்கே கேட்கிறதென்றால் இங்கே தட்டுவது அங்கேயும் கேட்கும். கட்டிலுக்கடியில் ஒரு கம்பு, கழுத்தில் ஒரு விசில். காலையில் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வணக்கம் அனுப்புகிறார்களே, அதைக் கேலி செய்யாதீர்கள். எட்டு மணிக்குள் பூ வரவில்லை என்றால் போன் பண்ணுங்கள், எடுக்கவில்லை என்றால் ஆளை அனுப்புங்கள். ராத்திரிக்கும் ஒரு போன். போன வாரத்து ஆயாவை ஒன்பது மணிக்கு யாராவது கூப்பிட்டிருந்தால் பதினான்கு மணி நேரம் ஒரு மணி நேரமாகியிருக்கும்.

பாத்ரூமிலும் சமையலறையிலும் தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் ஒரு பழைய போர்வையும் தண்ணீர் பாட்டிலும் வையுங்கள். உதவி வரும் வரை தாக்குப்பிடிக்க இது உதவும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். புரட்டாசி விரதத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போடுகிறவர்கள், சர்க்கரை இறங்கித் தலைசுற்றி விழுந்து, அந்த மாதம் முழுக்க எனக்கு வேலை கொடுக்கிறார்கள். விரதத்துக்கு முன்னால் டாக்டரையோ கிளினிக் சிஸ்டரையோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மாத்திரைகள், அலர்ஜி, இரண்டு போன் எண்கள், வீட்டு முகவரி. அரசு ஆம்புலன்ஸ் 10177. செல்போனிலிருந்து 112, இதற்கு ஏர்டைம் வேண்டாம். முகவரியை இன்றைய தெருப்பெயரோடு எழுதுங்கள். டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிற தாத்தாக்கள் நம்மிடம் நிறைய. கால் சென்டரில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாமல் போகலாம். வீட்டு எண்ணைச் சுவரில் பெரிதாக, ராத்திரியிலும் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

மாதா மாதம் உதவித்தொகை வருகிற நாளில் பட்டனை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். முருகன் டாலர் அம்மா அப்படித்தான் செய்கிறார். போன மாதம் அமுக்கியபோது ஒருத்தரும் வரவில்லை. விசாரித்தால், பக்கத்து வீட்டுத் தம்பி போன் நம்பரை மாற்றி மூன்று வாரமாகியிருந்தது.