மணிச் சத்தம் பழகிவிடுமா?

“என் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். ஆட்டிசம் உண்டு. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். போகப் போகப் பழகிவிடும் என்கிறார் டீச்சர். பழகுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் நள்ளிரவு ரயிலுக்கு விழிப்பதில்லை. ஒலி காதுக்கு வருகிறது. மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. இது எப்படி நடக்கிறது என்பதைக் கடல்முயல் என்னும் நத்தை இனத்து உயிரியிடம் கற்றவர் எரிக் காண்டெல். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடல்முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பு சோர்ந்துவிடும். தசை களைத்துப் போகவில்லை, தோலும் மரத்துப் போகவில்லை. தொடுதலை உணரும் நரம்பின் நுனியில், அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள் துடிப்புக்குத் துடிப்பு குறைவாகச் சுரக்கிறது. பழகுவது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஆய்வு இது.

அதே கடல்முயலின் வாலில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் கதை தலைகீழாகிறது. இப்போது வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கும். மெல்லத் தொட்டாலும் செவுள் பலமாக இழுக்கப்படும். அதிர்ச்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இந்த மிரட்சி நாள்கணக்கில் நீடிக்கும். தீங்கில்லாதது பழகும், வலிப்பது மிரட்சியைக் கூட்டும்.

மனித மூளை இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனால் டீச்சரின் கணக்கு எங்கே தவறலாம் என்பது இங்கே புரிகிறது. மணி மற்ற பிள்ளைகளுக்கு வெறும் சத்தம், இந்தப் பையனுக்கு வலியாக இருக்கலாம். புலன் கூச்சம் அதிகமுள்ள ஆட்டிசக் குழந்தைகளை ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி மற்றவர்களுக்குத் தணிவதுபோலத் தணியவில்லை. அனுபவத்தை வைத்து அடுத்தது இதுதான் என்று ஊகிக்கும் மூளையின் வழக்கம் இவர்களிடம் வலுக்குறைந்திருக்கலாம், அதனால் உலகம் கூடுதல் கூர்மையோடு வந்து மோதுகிறது என்று 2012இல் பெலிக்கானோ, பர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. சில குழந்தைகளுக்கு இதற்கு நேர்மாறாக, புலன்கள் மந்தமாக இருப்பதும் உண்டு.

ஆகவே, கட்டாயப்படுத்திப் பழக்க வேண்டாம். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே சொல்லுங்கள். அன்றைய வகுப்புகளைப் படங்களாக வரிசையாக ஒட்டிவையுங்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடியைக் கையில் கொடுத்து, எப்போது போடுவது என்பதை அவனிடமே விடுங்கள். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவில்லை. ஆட்டிச ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி மரபணுக்களுக்கும் மூளை உயிரியலுக்கும் போகிறது. வகுப்பறையில் எது உதவும் என்று சோதிக்க இன்னும் நிறையக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாயத்து கட்டச் சொல்பவர்கள் வருவார்கள், தடுப்பூசிதான் காரணம் என்பவர்களும் வருவார்கள். அந்தத் தடுப்பூசிப் புரளிக்கு வித்திட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. தாயின் பாசக் குறைவு என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள், அதுவும் பொய். காது கேட்கும் இடத்தில் யாரையும் இப்படிப் பேச விடாதீர்கள். பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்புறம், அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். உன் மூளைக்குச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, நீ குறும்பு செய்யவில்லை என்று. சுருதியின் நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தறிவதில் ஆட்டிசம் உள்ள சிலர் மற்றவர்களை மிஞ்சுகிறார்கள் என்று சோதனைகள் காட்டுகின்றன. உங்கள் மகனுக்கு அப்படி இருக்கிறதோ இல்லையோ, “எனக்குச் சத்தம் வலிக்கும், அதனால் காதுமூடி போட்டிருக்கேன்” என்று பக்கத்துப் பையனிடம் அவனே சொல்லக் கற்றுக்கொடுக்கலாம். பேச்சு வராவிட்டால் படம் போட்ட ஓர் அட்டை போதும். பள்ளி மறுத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். அது ஏற்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. குழந்தையின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தரச் சொல்கிறது அந்தச் சட்டம்.