பின்னூட்டம்: ஃபீட்பேக் என்றால் என்ன?

'ஃபீட்பேக்' கடைவீதியில் பிறந்த சொல் அல்ல, வானொலியின் மின்சுற்றுகளில் பிறந்தது. 1920-களில் ஒரு கருவியின் வெளியீட்டில் ஒரு பங்கு அதன் உள்ளீட்டுக்கே திரும்பிப் போவதை இப்படி அழைத்தார்கள். ஸ்பீக்கரின் ஓசை மறுபடி மைக்கில் புகுந்து 'கீய்ங்' என்று அலறுமே, அதுவும் இதுதான். 1927-இல் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்டு பிளாக், அந்தப் பங்கை எதிர்த்திசையில் செலுத்திப் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) பிசிறைக் குறைக்க வழி கண்டார். வணிகத்துக்கு வந்தது பிறகுதான்.

தமிழில் 'பின்னூட்டம்'. 'ஊட்டு' என்ற வினையிலிருந்து வந்த நேர்ப்பெயர்ப்பு. கொஞ்சம் சத்துணவு வாசனை அடித்தாலும் பொருள் பிசகவில்லை.

பிசகுவது பயன்பாட்டில். வாடிக்கையாளர் சொல்வது கருத்து. குறை சொன்னால் புகார். அது உள்ளே போய் எதையாவது மாற்றினால்தான் பின்னூட்டம். 'மூடி திறக்கும்போதே உடைந்தது' என்று ஒருவர் எழுதுகிறார். 'வருந்துகிறோம்' என்று பதில் போட்டு முடித்தால் சுற்று அங்கேயே அறுந்துவிட்டது. தயாரிப்புத் தொகுதி எண்ணைக் கேட்டு வாங்கி, அதே தொகுதியில் வேறு புகார் உண்டா என்று பார்த்து, பொதி கட்டும் பிரிவுக்கு அனுப்பி, என்ன மாற்றினோம் என்பதை அவருக்கே தெரிவிக்க வேண்டும். புகார்ப் பதிவேட்டில் பலர் விட்டுவிடும் கட்டம் இந்தக் கடைசியானதுதான்.

கேட்கும் விதத்திலும் கோளாறு வரும். 'பொருளின் தரமும் ஊழியரின் அணுகுமுறையும் திருப்தியா?' என்றால் 'இல்லை' எதற்கு என்று தெரியாது. இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். 2003-இல் வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் முன்வைத்த 'நெட் புரமோட்டர் ஸ்கோர்' ஒரே கேள்விதான்: பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை? 9, 10 தந்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை தந்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 100 பேரில் 50 பேர் மேலே, 20 பேர் கீழே என்றால் மதிப்பு 30. 7, 8 தந்த மீதி 30 பேர் கழித்தலில் வருவதில்லை. இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. 'ஏன் இந்த மதிப்பெண்?' என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள்.

வாடிக்கையாளர் சொல்லும் குறையை 'நெகட்டிவ் ஃபீட்பேக்' என்பார்கள்; அதை மட்டும் 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்று பெயர்க்காதீர்கள். பொறியியலில் அது கருவியை நிலைப்படுத்தும் நல்ல சங்கதி. அலறல் வருவது நேர்மறையில். வணிகத்தில் 'குறை', 'பாராட்டு' என்றே எழுதலாம்.