புளோரன்ஸை நிறுவியது யார்? ஒரு கேள்விக்கு மூன்று விடைகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தை நிறுவியவர் ஜூலியஸ் சீசர். டோட்டிலா என்ற கொடியவன் அதைத் தரைமட்டமாக்கினான். பிறகு பேரரசர் சார்லிமேன் அதை மீண்டும் எழுப்பினார். 14ஆம் நூற்றாண்டில் ஜியோவன்னி வில்லானி எழுதிய வரலாறு இப்படித்தான் சொல்கிறது. நகரத்தாரும் தலைமுறை தலைமுறையாக இதையே நம்பிவந்தார்கள்.

இந்தக் கதையை உடைத்தவர் லியனார்டோ புரூனி என்ற அறிஞர். 1415 வாக்கில் தொடங்கி, 1444இல் இறக்கும்வரை, புளோரன்ஸ் மக்களின் வரலாற்றைப் பன்னிரண்டு பாகங்களாக லத்தீனில் எழுதினார். ஊரார் சொல்வதை அப்படியே ஏற்காமல், சம்பவம் நடந்த காலத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தேடிப்போனார். முதல் பாகத்திலேயே சீசரை நீக்கிவிட்டு, ரோமானியத் தளபதி சுல்லாவின் படைவீரர்கள்தான் நகரத்தை நிறுவினார்கள் என்று எழுதினார்.

அதற்கு ஆதாரம் எங்கே கிடைத்தது? ரோம அரசைக் கவிழ்க்க கேட்டிலைன் என்பவர் செய்த சதியைக் கண்டித்து, கி.மு. 63இல் ரோமானியத் தலைவர் சிசரோ ஆற்றிய உரைகளில். சுல்லாவிடம் நிலம் பெற்ற பழைய சிப்பாய்கள் திடீர்ப் பணக்காரர்களைப் போல மாளிகை கட்டி, விருந்து வைத்து, கடனில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்கிறார் சிசரோ. அவர்கள் கரையேற வேண்டுமென்றால் செத்துப்போன சுல்லாவைத்தான் எழுப்பிவர வேண்டும் என்றும் சொல்கிறார். அந்தச் சிப்பாய்கள் குடியேறிய இடங்களில் ஒன்று ஃபியசோலே. புளோரன்ஸுக்கு மேலே, பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் குன்று அது. அங்கிருந்து இறங்கிவந்தவர்களே ஆற்றங்கரையில் ஊர் அமைத்தார்கள் என்பது புரூனியின் முடிவு. இந்த வாதத்தை அவருடைய ஆசான் கொலுச்சியோ சலுத்தாத்தி முன்பே எழுப்பியிருந்தார். புரூனி அதை முழு வரலாற்றின் அடித்தளமாக்கினார்.

ஆட்டிலாவையும் டோட்டிலாவையும் பழைய கதைகள் போட்டுக் குழப்பியிருந்தன. அதையும் பிரித்துக் காட்டினார். முன்னவர் ஹூணர் இனத்து அரசர், பின்னவர் கோத்தியர் இனத்து அரசர். இருவருக்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளி.

இதில் அரசியலும் இருந்தது. மிலான் நகரத்தை ஆண்ட ஜியான்கலியாசோ விஸ்கோன்டி 1402இல் இறக்கும்வரை புளோரன்ஸை நெருக்கிக்கொண்டிருந்தார். தனியொருவர் ஆளும் மிலானுக்கு எதிரே குடியரசாக நின்ற நகரத்துக்கு, குடியரசைக் குலைத்த சீசரின் பிள்ளை என்பதைவிட, அவருக்கு முந்தைய ரோமக் குடியரசின் பிள்ளை என்பதே பெருமை. புரூனியோ பின்னாளில் அந்த அரசின் தலைமைச் செயலர். நகரத்தின் ஆவணங்கள் எல்லாம் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. தேவை கேள்வியைத் தூண்டியது. விடையைப் பழைய ஏடுகளில் தேட வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தாலிய மறுமலர்ச்சி வரலாற்றாசிரியர்கள் பிடிபடுவார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்புக்குக் கொடுத்ததாகச் சொல்லும் 'கான்ஸ்டன்டைன் நன்கொடை' என்ற பத்திரம் போலி என்று லோரென்சோ வல்லா என்ற அறிஞர் 1440இல் நிறுவியதும் இதே வகைதான். அவருக்கு ஆதரவளித்த அரகான் மன்னர் அல்ஃபோன்சோ அப்போது போப்புடன் மோதிக்கொண்டிருந்தார். ஆனால் நான்காம் நூற்றாண்டு லத்தீனில் வரமுடியாத சொற்கள் அந்தப் பத்திரத்தில் இருக்கின்றன என்ற வாதம், யாருக்காக எழுதப்பட்டிருந்தாலும் செல்லும்.

இன்றைய வாசகருக்கு உறுத்தக்கூடியது வேறொன்று. 1293இல் பிரபுக்களை அடக்கச் சட்டம் கொண்டுவந்த ஜியானோ டெல்லா பெல்லா பேசியதாக நீண்ட சொற்பொழிவு ஒன்றைத் தன் வரலாற்றில் எழுதிவைக்கிறார் புரூனி. சொற்கள் புரூனியுடையவை. பழைய ரோமானிய ஆசிரியர் லிவி காட்டிய வழி இது. ஒரு முடிவின் பின்னே இருந்த காரணங்களை விளக்க அவர்களுக்குத் தெரிந்த சிறந்த உத்தி இதுவே. அன்றைய வாசகர்களும் இதை அப்படியே புரிந்துகொண்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுல்லா விடையும் நிலைக்கவில்லை. அதே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஞ்செலோ பொலிசியானோ என்ற அறிஞர், ரோமானிய நில அளவையாளர்களின் பழைய ஏடு ஒன்றைக் காட்டி, நகரத்தை நிறுவியவர்கள் சீசருக்குப் பின் ஆண்ட மூவர் என்று வாதிட்டார். ஆக்டேவியன், ஆண்டனி, லெபிடஸ் என்பவர்களே அந்த மூவர். அவர் அதை எழுதியது பியரோ டி மெடிச்சிக்கு. அப்போது நகரம் மெடிச்சி குடும்பத்தின் பிடியில் இருந்தது. இன்றைய ஆய்வாளர்கள் சுல்லாவை ஏற்பதில்லை. சீசரா, அந்த மூவரா என்பதுதான் அவர்களிடையே உள்ள விவாதம். பழைய கதை சொன்ன பெயரும் இப்படி மீண்டும் பட்டியலுக்கு வந்துவிட்டது, இம்முறை ஆதாரத்தோடு.