கவுன்சிலிடம் சாவி இல்லை

இந்த வாரமும் அதே கதைதான். இருபது வயதைச் சற்றே தாண்டிய பிள்ளை. தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருக்கிறார். வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தைப்பொங்கலுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள பெரியம்மா வீட்டுக்கு வந்தவர் மூன்று வாரம் தங்கிவிட்டார். திரும்பிப் போனால் அறையில் வேறொருவர் இருக்கிறார், உதவி நிறுத்தப்பட்டதாகக் கடிதமும் காத்திருக்கிறது. மறுபடி பஸ் ஏறி லண்டன் வந்து, பெரியம்மாவின் மகன் சொன்னபடி உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இது எங்கள் பொறுப்பு அல்ல என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் மேல்முறையீடு செய்ய அந்தப் பிள்ளைக்கு இருந்ததே மூன்று வேலை நாட்கள். அதில் ஒன்று அந்த நாற்காலியிலேயே போய்விட்டது.

தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது தங்க இடம் கொடுப்பது கவுன்சில் அல்ல. உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸ். அதுவும் நேரடியாகக் கொடுப்பதில்லை. நாட்டை ஏழு பகுதிகளாகப் பிரித்து மூன்று தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தும் மிட்லண்ட்ஸ், கிழக்கு இங்கிலாந்துப் பகுதியும் செர்கோவிடம். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, யார்க்‌ஷயர் உள்ளிட்ட வடகிழக்கு ஆகியவை மியர்ஸிடம். லண்டன் அடங்கிய தென்பகுதியும் வேல்ஸும் கிளியர்ஸ்பிரிங்ஸிடம். 2019 செப்டம்பரில் தொடங்கிய பத்தாண்டு ஒப்பந்தங்கள் இவை. முதலில் 450 கோடி பவுண்டு என்று போட்ட கணக்கு 1,530 கோடியில் போய் நிற்கும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 மே மாதம் சொன்னது. இந்த ஒப்பந்தத்தில் கவுன்சில் ஒரு தரப்பே அல்ல. எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம் என்று அதனிடம் கருத்துக் கேட்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று கொஞ்சம் மானியமும் கொடுப்பார்கள். யாரை எந்த அறையில் வைப்பது, எப்போது வெளியேற்றுவது என்பதில் அதற்குக் கையெழுத்து இல்லை.

"எங்களுக்கு அப்போது கவுன்சில்தானே வீடு தந்தது?" என்று மாமாக்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1996இல் தஞ்சம் கோரியவர்களில் பெரும்பாலோரின் அரசு உதவித்தொகையை நிறுத்தினார்கள். யாரையும் பட்டினி போட முடியாது என்று நீதிமன்றம் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டியது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அந்தச் சுமையை லண்டன் கவுன்சில்களே தூக்கின. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டம் வந்து, 2000 ஏப்ரலில் பொறுப்பு ஹோம் ஆபீஸுக்கு மாறியது. ஆட்களை லண்டனுக்கு வெளியே பரவலாக அனுப்பும் முறையும் அப்போதுதான் தொடங்கியது. அதன் பிறகும் கிளாஸ்கோ, பர்மிங்ஹாம் போன்ற கவுன்சில்கள் ஹோம் ஆபீஸோடு ஒப்பந்தம் போட்டுத் தங்கள் வீடுகளைக் கொடுத்தன. 2012இல் பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக விட்டபோது அந்தக் கதை முடிந்தது. ஆகவே மாமாவின் அனுபவம் உண்மை. அவருடைய அறிவுரை மட்டும் காலாவதியாகிவிட்டது. அதைக் கேட்டு நடக்கும் பிள்ளைதான் தெருவில் நிற்கிறது.

இதைவிட எனக்கு வலிக்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. "நாங்கள் பத்து வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம், நேற்று வந்தவனுக்கு கவுன்சில் வீடு" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், கடை வரிசையில் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து கேளுங்கள். முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு, கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகளின் பட்டியலில் பெயர் பதியவே தகுதி இல்லை. 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒப்பந்த நிறுவனங்கள் எடுப்பவை தனியார் உரிமையாளர்களின் வீடுகளும் ஹோட்டல்களும். உங்கள் பட்டியலிலிருந்து ஒரு வீடும் அவர்களுக்குப் போகவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் ஓர் அறை, பல நேரங்களில் அந்த அறையிலும் பாதி. கையில் வரும் பணம், சமைத்துச் சாப்பிடும் வீடென்றால் வாரத்துக்கு 49.18 பவுண்டு. 2024 தொடக்கத்தில் நிர்ணயித்த தொகை அது. சாப்பாடு தரும் ஹோட்டல் என்றால் அதிலும் சிறு பகுதிதான். பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. நாமும் இதே வாசல் வழியாக வந்தவர்கள். கொஞ்சம் நினைத்துப் பேசலாம்.

இனி செய்ய வேண்டியவை. இங்கிலாந்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் வீடற்றோர் சட்டம் வேறு.

கொடுத்த இடத்தை விட்டு அனுமதியில்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வெளியே தங்காதீர்கள். ஆறு மாதத்தில் மொத்தம் பதினான்கு நாளைத் தாண்டினாலும் உதவியை நிறுத்தலாம். திருவிழா, கல்யாணம், செத்த வீடு எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். வாரப் பணம் வரும் ஆஸ்பென் அட்டை எந்த ஊர்க் கடையில் தேய்க்கப்படுகிறது என்பது ஹோம் ஆபீஸுக்குத் தெரியும். மிடில்ஸ்பரோ முகவரிக்காரரின் அட்டை ஈஸ்ட் ஹாம் கடையில் நாள் தவறாமல் முருங்கைக்காயும் மீனும் வாங்கினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரத்தான் செய்யும்.

உறவினரோடுதான் இருக்க வேண்டும் என்றால் அதற்கு நேர்வழியே இருக்கிறது. தங்குமிடம் வேண்டாம், வாரப் பணம் மட்டும் போதும் என்று விண்ணப்பிக்கலாம். தங்க வைக்க முடியும், ஆனால் செலவுக்குக் கொடுக்க முடியாது என்று உறவினர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இந்த வழி நம்மவர்களில் பலருக்குத் தெரிவதே இல்லை.

கூரை ஒழுகினாலும் ஹீட்டர் ஓடாவிட்டாலும் அழைக்க வேண்டியது, தஞ்சம் கோருவோருக்கான உதவித் தொலைபேசியை நடத்தும் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்தை. 24 மணி நேரமும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பேசலாம். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து போகும் நிறுவன ஊழியரிடம் வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூஞ்சை படிந்த சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் கவுன்சிலால் ஒரு வேலை ஆகும். வீடு குடியிருக்கத் தகுதியானதா என்று பார்க்க அதன் சுகாதார ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

உதவி மறுத்தோ நிறுத்தியோ கடிதம் வந்தால் அன்றே ஒரு வழக்கறிஞரையோ ஆலோசனை நிலையத்தையோ பிடியுங்கள். மூன்று வேலை நாட்கள் என்பது கடிதம் கைக்கு வந்ததிலிருந்து ஓடுகிறது. தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் வாதாட அசைலம் சப்போர்ட் அப்பீல்ஸ் புராஜெக்ட் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது.

பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் தனியாக வந்த பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு கவுன்சில்தான். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சமூக சேவைப் பிரிவுக்குப் போங்கள்.

கவுன்சிலுக்குப் போயே தீர வேண்டிய இன்னொரு நாளும் உண்டு. அகதி அந்தஸ்து கிடைக்கும் நாள் அது. அன்றைக்குத்தான் யாரும் போவதில்லை! உறவினருக்கெல்லாம் தொலைபேசி அடித்து, கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, வெளியேறச் சொன்ன கடைசி நாளுக்கு முந்தைய மாலை பெட்டியோடு என்னிடம் வருகிறார்கள். அந்தஸ்து கிடைத்த பிறகு அந்த அறையில் இருக்கத் தனியாட்களுக்கு 28 நாள்தான். 2024 டிசம்பரில் அதை 56 ஆக நீட்டிப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் தனியாட்களுக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு கேட்கக்கூடிய அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வரவே ஐந்து வாரம் ஆகும். முன்பணம் கேட்கலாம், கேளுங்கள். 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவருக்கு உதவி செய்தாக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியேறச் சொல்லும் கடிதம் கைக்கு வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு போனால் அந்தச் சட்டம் உங்கள் பக்கம்.

எந்த கவுன்சிலுக்கு? கடைசியாக ஹோம் ஆபீஸ் உங்களை வைத்திருந்த ஊரின் கவுன்சிலுக்கு. மிடில்ஸ்பரோவில் இருந்துவிட்டு, ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சிலில் போய்க் கேட்டால் மிடில்ஸ்பரோவுக்கே திருப்பிவிடலாம். பிள்ளைகளோடு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்குத் தற்காலிகத் தங்குமிடம் கிடைக்கும். உடல்நலமுள்ள தனி இளைஞருக்குப் பெரும்பாலும் அதுவும் கிடைக்காது. வாடகை அறை தேடவும் முன்தொகை கட்டவும் உதவுவார்கள், அவ்வளவுதான். கவுன்சில் வீடு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.

லண்டனில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, "எனக்கு அந்தஸ்து கிடைத்துவிட்டது" என்று தம்பியோ தங்கையோ தொலைபேசியில் அழைத்தால், வாழ்த்திய கையோடு கடிதத்தில் உள்ள தேதியை வாசிக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை அந்த ஊர்க் கவுன்சிலுக்குப் போகச் சொல்லுங்கள்.